ஆயுத பூஜைக்குக் குளித்த குழாய்கள்

குழாய்ப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். பேச்சுவாக்கில், நல்ல கிரேடு குழாய் என்றால் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார். எனக்குக் காபி புரையேறியது. பாவம், பயந்துபோய் என் உச்சந்தலையைத் தட்டினார். அவர் மேல் குற்றமில்லை. அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அந்த வாய்க்கு என்ன நேர்ந்தது என்பதை அவருக்குச் சொல்ல அன்று வெட்கமாக இருந்தது. எழுதுவதற்கு அவ்வளவு வெட்கமில்லை, எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடலோரத் தொட்டியிலிருந்து ஒரு தொழிற்சாலைக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய்ப் பாதை. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு இரண்டு வகைக் குழாய்: எக்ஸ் 52, எக்ஸ் 65. எண் கூடக்கூடப் பலம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னும் சரியாகச் சொன்னால், எவ்வளவு இழுத்தால் இரும்பு விட்டுக்கொடுத்து, பழைய அளவுக்குத் திரும்ப முடியாமல் போகுமோ அந்த எல்லை. பாதையின் பெரும்பகுதி ஆளில்லாத மணல்வெளி, அங்கே 52 போதும். ஆனால் ஒரு இடத்தில் வரிசையாக வீடுகள். அடுக்களை வாசலிலிருந்து எட்டடி தள்ளிக் குழாய் போகிறது. அங்கே 65 தான் போட வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

விட்டம், சுவர்க் கனம், நிறம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாடு குழாயின் முனையில் ஆலைக்காரர்கள் வெள்ளைப் பெயிண்டில் உள்ளும் புறமும் எழுதி அனுப்பிய வரிகளில் மட்டும் இருந்தது: குழாய் எண், உருக்கு எண், கிரேடு. உளியால் கொத்தி எழுதக்கூடாது என்று கொள்முதல் செய்தவர்களே தடுத்திருந்தார்கள். பலமான இரும்பில் கொத்திய தடத்திலிருந்து விரிசல் கிளம்பலாம் என்று பயம். நியாயமான பயம்தான். அதனால் நூற்று இருபது குழாய்களின் ஜாதகமும் வெறும் பெயிண்டை நம்பி இருந்தது.

குழாய்களை ஒரு தென்னந்தோப்பில் மணல் மூட்டைகள் மேல் கிடத்தியிருந்தோம். யார்டுக்குப் பொறுப்பு தங்கப்பன் மேஸ்திரி. களியக்காவிளைப் பக்கத்துக்காரர், என் வயதுதான். பகலில் கிரேன்காரரை அதட்டுவார், கோயில் கொடை விழா சீசனில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பார். யார்டில் ஒரு பொருள் இடம் மாறினால் அவருக்குத் தூக்கம் வராது. அப்படி ஒரு சுத்தக்காரர்.

அந்தச் சுத்தம்தான் வினையாயிற்று. பூஜை விடுமுறையில் எங்கள் பாறசாலை சர்ச்சில் உறவுக்காரக் கல்யாணம் என்று நான் நான்கு நாள் லீவில் போனேன். திரும்பி வந்து தோப்புக்குள் நுழைந்தபோது கண் கூசியது. குழாய்கள் மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தன. ஒவ்வொன்றின் முனையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ. ஆயுத பூஜைக்கு முந்தைய தினம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தமிழர் ஹார்ட்வேர் கடை ஒன்றிலிருந்து கம்பி பிரஷ்ஷும் தின்னரும் வாங்கிவந்து, எட்டு ஆட்களை வைத்து, உள்ளும் புறமுமாக முனைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார் மேஸ்திரி. துருவோடு சேர்ந்து வெள்ளைப் பெயிண்டும் போயிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழாய் ஆயுதம் இல்லை, சரக்கு என்று கத்தினேன். மேஸ்திரி என் கோபத்தை விளங்கிக்கொள்ள முடியாமல் நின்றார்.

"சாரே, அழுக்கோட பூசைக்கு வய்க்கலாமா? நமக்குச் சோறு போடுதது இந்தக் கொழாய்தானே."

ஆபீசில் துணி போர்த்தி வைத்திருந்த ஒரே கம்ப்யூட்டருக்கும் நெற்றியில் சந்தனம் இட்டிருந்தது. அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு இட்டது பக்தி, குழாய்க்கு இட்டது குற்றமா என்று அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்வேன்?

இரண்டு கிரேடும் அடுக்கில் கலந்துதான் கிடந்தன. கப்பலிலிருந்து இறங்கின வரிசையிலேயே அடுக்கியிருந்தோம். பிரிப்பதற்குப் பெயிண்ட் எழுத்து இருக்கிறதே என்ற தைரியம். எல்லாவற்றையும் 52 என்று எண்ணிப் போட்டுவிடலாம் என்றால் வீடுகளுக்குப் பின்னால் போட 65 கிடையாது. எல்லாம் 65 என்று எண்ணுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடினத்தன்மை பார்க்கும் கருவி வரப் பத்து நாளாகும், வந்தாலும் முழுசாக நம்ப முடியாது. ஏனென்றால் கிரேடு என்பது 'இதற்குக் குறையாது' என்ற உறுதிமொழிதான். ஆலையில் நன்றாக அமைந்துவிட்ட ஒரு 52, சோப்ளாங்கி 65-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இதையெல்லாம் நான் மேனேஜருக்கு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை வாடிக்கையாளர் தரப்பு இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்குள் எல்லாக் குழாயிலும் எழுத்து இருக்க வேண்டும், அடியில் என் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்றார். பார்த்தாலே தெரியும் என்று நான்தானே சொல்லிக்கொண்டிருந்தேன், பார்த்து எழுதட்டும் என்று மலையாளத்தில் யாரிடமோ சொல்வதும் காதில் விழுந்தது. தவளை தன் வாயால் கெடும்.

பார்த்தேன். ஒரு பகல் முழுக்க ஒவ்வொரு குழாய் முன்னாலும் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். குழாய்களும் என்னைப் பார்த்தன. ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி ஒரு சுத்தியலோடு வந்தார். இரவெல்லாம் யோசித்ததாகச் சொன்னார். பலம் கூடின இரும்புக்குச் சுருதியும் கூடத்தானே வேண்டும், குடத்தில் வெடிப்பு இருந்தால் ஒரு தட்டில் சொல்லிவிடுகிற காது தன்னுடையது, தட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். நான் சிரித்தேன். ஆனால் வேறு வழி இல்லாதவனின் சிரிப்பு அதிக நேரம் நிற்காது. தட்டச் சொன்னேன்.

தட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். "கூடினது", "கொறஞ்சது" என்று பிரித்துக்கொண்டே போனார். எனக்கும் வித்தியாசம் கேட்டது! சில குழாய் கணீரென்றது, சில கொஞ்சம் தாழ்ந்து முனகியது. ஏமாற்றுகிறாரோ என்று அவர் கண்ணைத் துண்டால் கட்டி, கையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி அழைத்துப்போய், தட்டின குழாயையே மறுபடி தட்டக் கொடுத்தேன். ஒருதடவைகூடச் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. தோப்பில் வேலையாட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள், ஒருவர் தாளம்கூடப் போட்டார். மேனேஜர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அறிவியல் முறை கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாக உள்ளே போய்விட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். நான் நம்பிவிட்டேன். ஒரு சோதனை ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத் தந்தால் அந்தப் பதில் சரி என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவர் காது எதையோ துல்லியமாகக் கேட்டது உண்மை. அது கிரேடுதானா என்று நான் கேட்கவே இல்லை. பெயிண்ட் டப்பாவைத் திறந்து, நாற்பது குழாய்களில் என் கையாலேயே 65, 52 என்று எழுதி, பக்கத்தில் என் இனிஷியலும் போட்டேன். வியாழனுக்கு முன்னால் முடிந்துவிடும் என்ற நிம்மதியில் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

நாற்பத்தோராவது குழாயில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது.

பூஜைக்குத் தேய்த்தபோதும் அந்தக் குழாய் முனையின் உட்புறத்தை மட்டும் யாரும் தொடவில்லையாம். வெளிப்புறம் துடைத்துச் சந்தனம் இட்டதோடு சரி. "பிள்ளை பெத்தவ கிடக்கா சாரே, அவளை எளுப்பண்டாம்னு விட்டோம்" என்றார் மேஸ்திரி. தட்டிப் பார்த்ததில் அது சுருதி கூடின குழாய், ஆகவே 65. எழுதுவதற்கு முன், உள்ளே பெயிண்ட் மிச்சமிருக்குமே, நம் முறைக்கு ஒரு சாட்சியாகவும் இருக்கட்டும் என்று டார்ச்சோடு தலையை உள்ளே விட்டேன். ஒரு முழத் தூரத்தில் நாய் பல்லைக் காட்டியது. ஐந்து குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. குட்டிகளுக்கு மேலே, குழாய்ச் சுவரில், வெள்ளையாக, சுத்தமாக, எக்ஸ் 52 என்று எழுதியிருந்தது.

தலையை வெளியே எடுக்க எனக்குக் கொஞ்ச நேரமானது. நாய்க்குப் பயந்து என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் பயந்தது அந்த நாற்பது இனிஷியலுக்கு. அதில் எந்த 52, யார் வீட்டு அடுக்களைக்குப் பின்னால் போயிருக்கும்?

மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குழாயை முனைக்கு முனை நடந்து பார்த்தார். பக்கத்துக் குழாயையும் நடந்து பார்த்தார். பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோல், கட்டைக் குழாய்தான் கணீரென்கிறது, நெட்டைக் குழாய்தான் இறங்குகிறது என்றார். எனக்கு அப்போதுதான் கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. இரும்பு எந்தக் கிரேடு ஆனாலும் அதன் விறைப்பு ஒன்றே, எடையும் ஒன்றே. தட்டினால் எழும் ஒலிக்குக் கிரேடு தெரியாது. குழாயின் நீளமும் அது கிடக்கும் கிடப்பும்தான் ஒலியை மாற்றும். பொன்னான காதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் காலையிலிருந்து குழாய்களை நீளவாரியாகப் பிரித்துத் தந்திருக்கிறார். நான் அதற்குக் கிரேடு என்று பெயர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீளம்! ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு நீளம். ஆலையிலிருந்து வந்த பட்டியலில் குழாய் எண்ணுக்கும் கிரேடுக்கும் பக்கத்தில் நீளமும் மில்லிமீட்டர் வரை இருக்கும். டேப்பை எடுத்து அளந்தால் போதும், குழாய் தன் பெயரைத் தானே சொல்லிவிடும். ஆபீசுக்கு ஓடினேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. அந்தப் பட்டியல் முதலில் ஃபேக்ஸில் வந்த தாள் மங்கி வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தது. அது மங்குவதற்கு முன் நகல் அடித்தவர் லலிதா. எல்லாம் ஏறத்தாழப் பன்னிரண்டு மீட்டர்தான், அந்த நீள வரிசையை விட்டுவிட்டு அடியுங்கள், வேலை மிச்சம் என்று அவரிடம் சொன்னவன் நான்.

லலிதா கரமனை அக்ரஹாரத்திலிருந்து வருபவர். எங்கள் ஆபீசின் ஒரே டைப்பிஸ்ட். அதிகம் பேசமாட்டார். நான் வாசலில் மூச்சிரைக்க நின்று, அந்த நீள வரிசையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று தாள், நூற்று இருபது வரி, எல்லா நீளமும் இருந்தது.

"விடச் சொன்னேள். நான் விடலை. எது வேணும் எது வேண்டாம்னு எனக்கென்ன தெரியும் சார்? இருந்ததை இருந்தபடி அடிச்சேன்."

அந்தத் தாள்களைக் கையில் வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தின்னர் வாடை என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்த காரணத்தால் நான் தூக்கி எறியப் பார்த்ததை, தனக்குத் தெரியாது என்று நினைத்த காரணத்தால் அவர் காப்பாற்றி வைத்திருந்தார். முப்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை. பாடம் சொன்னவருக்கு அது பாடம் என்றே தெரியாது, உடனே அடுத்த கடிதத்தை அடிக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் அளந்தோம். டேப்பின் ஒரு முனையில் நான், மறுமுனையில் மேஸ்திரி, நடுவில் வெயில். நீளத்தை அவர் கூவுவார், நான் பட்டியலில் தேடிக் குழாய் எண்ணைக் கூவுவேன், பெயிண்ட் அடிப்பவர் எழுதுவார். ஒரே நீளத்தில் இரண்டு கிரேடும் வந்து குழப்பிய எட்டு ஜோடிகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டோம். இரண்டு குவியலிலிருந்தும் சிலவற்றின் முனையில் வளையம் வெட்டி, சோதனைச்சாலைக்கு அனுப்பி இழுத்துப் பார்க்கச் சொன்னோம். 65 என்று எழுதினவை 65-க்குக் குறையாமல் நின்றன. சுத்தியலை நம்பி நான் எழுதிய நாற்பதில் பதினேழு தப்பு. நாயின் குழாயை மட்டும் அளக்கவில்லை. அதற்குச் சான்று உள்ளேயே இருந்தது, காவலும் இருந்தது.

சோதனைச்சாலை முடிவு வருவதற்குள் வியாழக்கிழமையும் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார்கள். மேனேஜரின் யோசனை எளிமையானது: எழுத்து இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, பூஜையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், குழாய் குழாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஒரு குழாயில் பழைய 65-ஐ அடித்துவிட்டு 52 என்று எழுதியிருந்தது, பக்கத்தில் என் இனிஷியல் இரண்டு தடவை. இது என்ன என்று கேட்டார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேலை போகும் பயம் இருந்தது. பெயிண்டர் தவறு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அந்த இனிஷியல் என்னுடையது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சந்தனம் முதல் நாய் வரை. தேய்த்தது மேஸ்திரி, ஆனால் எழுத்தை அழிக்கக்கூடாது என்று அவரிடம் ஒருநாளும் சொல்லாதது நான் என்றும் சொன்னேன்.

நாயைப் பார்க்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். பார்த்தார். எழுத்தைப் படித்தார். சோதனைச்சாலை முடிவு வரும்வரை ஒரு குழாயும் தோப்பை விட்டு நகரக்கூடாது, ஒதுக்கிய ஜோடிகளை வீடுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். வேலை மூன்று வாரம் தள்ளிப்போனது, அதற்குள் நாயும் குட்டிகளோடு குழாயைக் காலி செய்துவிட்டது. மேனேஜர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது ஓய்வாகத்தான் இருந்தது.

குழாயெல்லாம் பற்றவைத்துப் புதைத்து, கடைசியில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் நாள் வந்தது. நிஜமான வேலையில் வருவதைவிடக் கூடுதலாக ஏற்றி, மணிக்கணக்கில் நிறுத்தி வைப்போம். வீட்டுக்காரர்களை எல்லாம் தெருக்கோடிக்கு அனுப்பியாயிற்று. அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், வீடுகளுக்குப் பின்னால், புதைத்த குழாயின் மண்மேட்டின் மேல், தங்கப்பன் மேஸ்திரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஓடிப்போய் எழுந்திருக்கச் சொன்னேன். தேய்த்தது தன் கை என்றும், ஏதாவது ஆவதென்றால் முதலில் தனக்கு ஆகட்டும் என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததைத் திட்டினேன். அவர் அசையவில்லை. நிதானமாக என்னை அண்ணாந்து பார்த்தார்.

"சாரு கையெழுத்துப் போட்டிருக்கியள்லே? பின்னே நான் எதுக்கு எளும்பணும்?"

சோதனையின்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது விதி என்று சொல்லி, இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனேன். விதி சரியானது, இன்றைக்கும் சரியானது. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரை எழுப்பிவிட நான் இருந்தேன். நாளை முதல் அந்த அடுக்களைகளில் இருப்பவர்களை எழுப்பிவிட யாரும் இருக்கப்போவதில்லை. அந்த நாற்பது இனிஷியலோடு நிறுத்தியிருந்தால் நான் அவர்களை எங்கே உட்கார வைத்திருப்பேன்?

முள் ஏறவேண்டிய இடம்வரை ஏறி, நிற்கவேண்டிய நேரம்வரை நின்றது. எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அழுத்தத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போதே தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் இடுப்பில் துணி வாளியோடு வந்து நின்றாள். காலையிலிருந்து காத்திருந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"கழிஞ்ஞோ சாரே? துணி உணக்கணும்."

முடிந்தது என்றேன். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. குழாய் போகும் வழியைக் காட்ட நாங்கள் நட்டிருந்த இரண்டு குறிக்கம்பங்களுக்கு நடுவே கயிற்றைக் கட்டி, மண்மேட்டின் மேல் ஏறி நின்று, குழந்தைச் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி உதறிக் காயப்போட ஆரம்பித்தாள்.